பதிலடிக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மின் கட்டமைப்பு, வங்கி, மருத்துவமனை, தொலைத்தொடர்பு ஆகியவற்றைக் காக்க அரசுகள் செய்ய வேண்டியவை பற்றி அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர், பகை நாடு கணினி வழியாகத் தாக்கினால் அதே வழியில் இரு மடங்காகத் திருப்பித் தாக்கும் வலிமைதான் சிறந்த காப்பு என்று முடித்திருந்தார். கேட்பதற்கு வீரமாக இருக்கும் இந்த வாதம் எல்லைப் போருக்குப் பொருந்தினாலும் பொருந்தலாம். அதை அப்படியே கணினி வலையமைப்புக்குள் கொண்டுவந்தால், தாக்கியவரை விட்டுவிட்டு வேறு யாரையோ அடிக்க நேரும் என்பது, கால் நூற்றாண்டுக் காலம் வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அனுபவத்தில் தெரிந்தது. கொள்கையில் பதிலடிக்கு இடம் இருக்கட்டும். அதற்கு முன்னதாக, பகை நாட்டோடு எந்த நிலையிலும் அறுபடாத ஒரு தொடர்பு வழிக்கு அதில் எழுத்துபூர்வமான இடம் வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

திருப்பி அடிக்க வேண்டுமானால் முதலில் அடித்தவர் யார் என்று தெரிய வேண்டும். ஏவுகணை எங்கிருந்து கிளம்பியது என்பதை ரேடார் காட்டிவிடும். கணினித் தாக்குதலிலோ, முதலில் கைக்குக் கிடைப்பது சர்வரின் பதிவுகளில் இருக்கும் ஓர் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண், மட்டுமே. நான் பணிபுரிந்த நிறுவனத்தில் ஒரு நாள் அதிகாலை, மின்னஞ்சல் சர்வரின் பதிவுகளில் ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு நாலைந்து வீதம் கடவுச்சொல் முயற்சிகள் வந்துகொண்டிருந்தன. அந்த முகவரி எந்த நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்று பார்த்த மாத்திரத்தில், அறையில் இருந்த எல்லோரும் "அவர்கள்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம், நானும்தான். ஆனாலும் பழக்கம் விடாமல், அந்த முகவரியின் பொறுப்பாளர் என்று பதிவாகியிருந்த மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை, மறுநாளே வந்தது. அது ஒரு சிறு அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்த ரூட்டர் என்றும், யாரோ அதற்குள் புகுந்து அதை வெறும் வழிப்பாதையாக்கியிருக்கிறார்கள் என்றும், அந்த யாரோ மூன்றாவது ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வரிலிருந்து வருவதாகத் தெரிகிறது என்றும், ரூட்டரைத் துண்டித்தாயிற்று என்றும் எழுதியிருந்தார்கள். தொந்தரவுக்கு வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். எதிரி என்று நாங்கள் முடிவுகட்டிய நாட்டில் இருந்த, முகம் தெரியாத ஒரு பொறியாளர்தான் அன்று எங்களுக்கு உதவியவர்.

இதே தவறு அரசுகளின் அளவில் நடக்கவிருந்த சந்தர்ப்பமும் உண்டு. 1998 பிப்ரவரியில், ஆயுத ஆய்வாளர்களை அனுமதிக்கும் விவகாரத்தில் ஈராக்கோடு மோதல் முற்றி, அமெரிக்கா வளைகுடாவுக்குப் படைகளை அனுப்பிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் அடுத்தடுத்து ஊடுருவல்கள் நடந்தன. தடங்களில் ஒன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் இணையச் சேவை வழியாகச் சென்றது. நேரமும் திசையும் பொருந்திவந்ததால் சந்தேகம் ஈராக் மீது விழுந்தது. அதுவரை கண்டவற்றுள் மிகவும் திட்டமிட்ட தாக்குதல் இது என்று பாதுகாப்புத் துறையின் துணைச் செயலரே சொன்னார். விசாரணையின் முடிவில் பிடிபட்டவர்கள் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பதின்வயது மாணவர்கள் இருவரும், அவர்களுக்கு வழிகாட்டிய இஸ்ரேலிய இளைஞர் ஒருவரும். அமெரிக்கா அன்று பொறுத்திருந்து விசாரித்தது. பொறுத்திருக்கக் கூடாது என்று கொள்கையிலேயே எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கட்டுரையாளர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அது கணினிப் புலனாய்வு தவழ்ந்துகொண்டிருந்த காலம், இன்று அப்படி இல்லை என்று வாதிடலாம். இன்று புலனாய்வு வளர்ந்திருக்கிறது. அதோடு சேர்ந்து பொய்த் தடயம் வைக்கும் கலையும் வளர்ந்திருக்கிறது. 2018 பிப்ரவரி 9 அன்று தென் கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியது. வட, தென் கொரிய வீரர்கள் ஒரே கொடியின் கீழ் அணிவகுத்துச் சென்ற அந்த இரவில்தான் போட்டி அமைப்பாளர்களின் கணினிகளை ஒரு நச்சுநிரல் அழித்துக்கொண்டிருந்தது. நிரலை ஆராய்ந்தபோது அதன் ஒரு பகுதி, வட கொரியக் குழுவொன்றின் பழைய நிரல்களோடு அச்சாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தம் வேண்டுமென்றே ஒட்டவைக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் வெகு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த பிறகே கண்டுபிடித்தார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித் துறை இதற்காகக் குற்றம் சாட்டியது ரஷ்ய ராணுவ உளவுத் துறையின் அதிகாரிகள் மீது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒரு நாட்டின் கையெழுத்தை இன்னொரு நாடு போட முடியும் என்றால், கையெழுத்தைப் பார்த்த உடனே பதிலடி என்பது யாருக்குச் சாதகம்?

சரி, ஆள் யார் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் எதற்காக உள்ளே வந்தார் என்ற கேள்வி அப்போதும் நிற்கும். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி. கட்டுரை இதைத் தொடவே இல்லை. உளவு பார்க்க வருபவரும் நாசம் செய்ய வருபவரும் ஒரே கதவைத்தான் திறக்கிறார்கள், ஒரே நிர்வாகியின் கடவுச்சொல்லைத்தான் திருடுகிறார்கள், ஒரே வரைபடத்தைத்தான் நகலெடுக்கிறார்கள். வேறுபாடு கடைசிக் கட்டளையில் மட்டுமே இருக்கிறது, அது தட்டச்சு செய்யப்படும் வரை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனின் மின் விநியோக நிறுவனம் ஒன்றில் பணியில் இருந்தவர், தம் மேசையில் இருந்த திரையில் சுட்டி தானாக நகர்வதைப் பார்த்தார். அது ஒரு துணைமின் நிலையத்தின் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது, அழுத்தியது, உறுதிப்படுத்தும் கேள்விக்கும் தானே விடை கொடுத்தது, அடுத்ததற்கு நகர்ந்தது. அவர் சுட்டியைப் பிடித்து இழுத்தும் அது அடங்கவில்லை. கணினியிலிருந்தே அவரை வெளியேற்றிவிட்டது. அன்று மூன்று நிறுவனங்களில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. புகார் சொல்ல யாரும் அழைக்க முடியாதபடி தொலைபேசி மையத்தைப் பொய் அழைப்புகளால் நிரப்பியும் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் வண்டி ஏறித் துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் இணைப்பைப் போட்டார்கள். உள்ளே புகுந்தவர்கள் அன்றைக்குப் புகுந்தவர்கள் அல்லர். அவ்வாண்டின் முற்பகுதியிலேயே மின்னஞ்சலோடு அனுப்பிய கோப்பு ஒன்றின் வழியாக வந்து, மாதக்கணக்கில் ஓசைப்படாமல் இருந்தவர்கள். அந்த மாதங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அதற்கு உளவு என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள்.

உளவை நாடுகள் ஒன்றுக்கொன்று மன்னித்தே வந்திருக்கின்றன. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப் போனது தெரியவந்தது. சந்தேகம் சீனா மீது. அப்போது அமெரிக்காவின் தேசிய உளவுத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கிளாப்பர், சீனர்களின் திறமைக்கு ஒருவகையில் வணக்கம் வைக்கத்தான் வேண்டும், வாய்ப்புக் கிடைத்தால் நாங்களும் தயங்கமாட்டோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அந்தப் பெருந்தன்மை இப்போது குறைந்துவருகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் வெளியிட்ட எச்சரிக்கையில், வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீனக் குழு தகவல் தொடர்பு, எரிசக்தி, போக்குவரத்து, குடிநீர் அமைப்புகளின் கணினிகளில், சிலவற்றில் ஐந்து ஆண்டுகளாவது தங்கியிருந்ததாகச் சொல்லப்பட்டது. குடிநீர் நிலையத்தில் களவாட என்ன ரகசியம் இருக்கிறது என்பதே வாஷிங்டனின் கேள்வி. சீனா இதை மறுக்கிறது. மறுபுறம், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை சீனத் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான ஹுவாவேயின் சர்வர்களுக்குள்ளேயே புகுந்திருந்தது என்பதை, அம்முகமையின் முன்னாள் ஒப்பந்தப் பணியாளர் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களிலிருந்து 2014இல் உலகமே அறிந்தது. இரண்டு தலைநகரங்களிலும் ஒரே அச்சம், ஒரே கணக்கு. போர் மூளும் என்ற வதந்தி ஒன்று போதும், எதிரி பொத்தானை அழுத்துவதற்குள் நாம் அழுத்திவிட வேண்டும் என்று இரு தரப்பிலும் யாராவது சொல்லத் தொடங்குவார்கள்.

ஏவிய ஆயுதம் எய்த இலக்கோடு நிற்பதும் இல்லை. ஈரானின் நடான்ஸ் நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குகளைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட், திரையில் எல்லாம் சரியாக ஓடுவது போலப் பழைய அளவீடுகளையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டு இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விளையாடிய நிரல், 2010இல் வெளியுலகில் பரவித்தான் பிடிபட்டது. அதைக் கண்டெடுத்தது பெலாரஸில் இருந்த ஒரு சிறு நிறுவனம். 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாக ஏவப்பட்ட நாட்பெட்யா என்ற நச்சுநிரல், டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வைத்தது. மேர்ஸ்கின் வலையமைப்புக்கு உயிர்நாடியான தரவின் ஒரே நகல், மின்வெட்டால் அணைந்து கிடந்த காரணத்தால் கானா அலுவலகத்தில் தப்பியிருந்தது. மின்வெட்டை வாழ்த்திய பொறியாளர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அந்த நிரலை ஏவியது ரஷ்ய ராணுவம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின; ஆனால் அது ரஷ்யாவின் எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டையும் விட்டுவைக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீதான படையெடுப்புக்குச் சற்று முன் ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவையின் மோடம்கள் முடக்கப்பட்டபோது, ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் தொடர்பு அறுந்தது.

இவற்றுள் எனக்கு நேரடியாகத் தெரிந்தது, கணினியின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற நச்சுநிரல். 2017 மே 12, வெள்ளிக்கிழமை மாலை. வீட்டுக்குக் கிளம்பியவர்களைத் திரும்ப அழைத்து, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்த, பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்சை எத்தனை கணினிகளில் போட்டிருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினோம். எண்ணிக்கை தலைகுனியும்படி இருந்தது. திங்கள் காலை வரை ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேபிளைக் கழற்றுவதும், பென்டிரைவில் கொண்டுபோய்ப் பேட்சைப் போடுவதும், மீண்டும் சொருகுவதுமாக இருந்தோம். அலட்சியம் எங்களுடையது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த நிரல் பயன்படுத்திய ஓட்டையின் கதையைப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல், ஆயுதமாக்கித் தன்னிடமே வைத்திருந்தது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை. அது களவு போய், ஏப்ரலில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கொட்டப்பட்டது. அதை எடுத்து ஏவியது வட கொரியா என்று பின்னர் அமெரிக்கா அறிவித்தது. அடிபட்டவை சுமார் 150 நாடுகள். அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடான பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அமெரிக்காவின் எதிரணியில் நிற்கும் ரஷ்யாவின் உள்துறை அமைச்சகத்தில் சுமார் 1,000 கணினிகள் முடங்கின. இதில் யார் யாருக்குப் பதிலடி கொடுப்பது?

ஆகவே திருப்பித் தாக்கும் வலிமையை வளர்ப்பது என்றால் நடைமுறையில் என்ன பொருள் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடித்து, சரிசெய்யச் சொல்லாமல், பத்திரப்படுத்தி வைப்பது என்றே பொருள். எதிரியின் மருத்துவமனையில் ஓடும் அதே விண்டோஸ்தான் நம் மருத்துவமனையிலும் ஓடுகிறது. அவர்கள் வீட்டுப் பூட்டை உடைக்கும் வழி தெரிந்தும் பூட்டுக்காரரிடம் சொல்லாதவர், தம் வீட்டுக் கதவையும் திறந்தே வைத்திருக்கிறார். அமெரிக்கா 2017 நவம்பரில், ஓர் ஓட்டையை வெளியிடுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் முறையின் விதிகளைப் பொதுவெளியில் வைத்தது. தாமதமானாலும் நல்ல காரியம். சீனாவோ, 2021 செப்டம்பர் முதல், மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் பொருளில் உள்ள ஓட்டை தெரியவந்தால் 48 மணி நேரத்துக்குள் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. அது சரிசெய்வதற்கா சேமித்து வைப்பதற்கா என்று மற்ற நாடுகள் சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

இத்தனைக்கும் நடுவில் பகை நாடுகள் பேசிப் பார்த்தே இருக்கின்றன. 2013 ஜூனில் அமெரிக்காவும் ரஷ்யாவும், கணினிச் சம்பவம் எதுவும் போராக முற்றிவிடாதிருக்க நேரடித் தொலைபேசி இணைப்பு ஒன்றையும், அணு ஆயுத விபத்தைத் தவிர்க்க 1987இல் ஏற்படுத்திய தகவல் மையங்களை இதற்கும் பயன்படுத்துவதையும், இரு நாட்டுக் கணினி அவசர உதவிக் குழுக்கள் தொழில்நுட்ப விவரங்களைப் பரிமாறிக்கொள்வதையும் ஒப்புக்கொண்டன. 2015 செப்டம்பரில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும், வணிக லாபத்துக்காக அரசுகளே தொழில் ரகசியங்களைத் திருடுவதில்லை என்று உடன்பட்டார்கள். அடுத்த ஆண்டில் அத்தகைய திருட்டு கண்கூடாகக் குறைந்ததாகத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் கணித்தன. அது நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் ரான்சம்வேரில், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரலில், மாட்டி ஆறு நாள் முடங்கி, 75 பிட்காயின் கொடுத்தது. அடுத்த மாதம் ஜெனீவாவில் பைடன், தொடவே கூடாத 16 துறைகளின் பட்டியலைப் புதினிடம் நேரில் கொடுத்தார். 2022 ஜனவரியில் ரஷ்ய உளவுத் துறை, அமெரிக்கா கேட்டுக்கொண்டதன் பேரில், ரீவில் என்ற ரான்சம்வேர் கும்பலைச் சேர்ந்தவர்களைக் கைது செய்து காட்டியது. ஆறு வாரத்தில் உக்ரைன் போர் வெடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில், இணையப் பாதுகாப்புப் பேச்சு வழியை அமெரிக்கா மூடிவிட்டது என்று ரஷ்யா அறிவித்தது. எப்போது அந்த வழி மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ அப்போது அது இல்லை.

இப்படி அறுந்துபோவதுதான் இயல்பு என்று முடிவுகட்டுபவர்களுக்கு, தெற்காசியாவில் இருக்கும் ஓர் எதிர்ச்சான்றைக் காட்டுவேன். 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும், ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. 1991இல் அது நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை மற்றொன்றிடம் கொடுத்துவருகின்றன. கார்கில் போருக்குப் பிறகும் கொடுத்தன. நாடாளுமன்றத் தாக்குதலைத் தொடர்ந்து எல்லையில் படைகள் முகத்தோடு முகம் நின்ற 2002லும் கொடுத்தன. மும்பை தாக்குதலுக்கு ஐந்து வாரங்களுக்குப் பிறகும் கொடுத்தன. தூதர்கள் திரும்பப் பெறப்பட்ட ஆண்டுகளிலும் இந்த உறைகள் கைமாறியிருக்கின்றன. இதில் கணினிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒப்பந்தத்தின் சொற்களைக் கவனித்தால் அங்கே குண்டு, விமானம், ஏவுகணை என்று எந்த ஆயுதத்தின் பெயரும் இல்லை. அணு நிலையத்துக்கு அழிவையோ சேதத்தையோ உண்டாக்கும் நோக்கமுள்ள எந்தச் செயலிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுவதும் அதை ஊக்குவிப்பதும் இல்லை என்பதே வாசகம். நடான்ஸுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த வாக்கியம் நடான்ஸில் நடந்ததையும் தன் எல்லைக்குள் கொண்டுவரப் போதுமானது. அப்படித்தான் நாங்களும் புரிந்துகொள்கிறோம் என்று இரு தரப்பும் ஒரு கடிதத்தைப் பரிமாறிக்கொண்டால் போதும். புதிய ஒப்பந்தமே வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் பின்னர் மின் கட்டமைப்பின் கட்டுப்பாட்டு மையங்களையும் மருத்துவமனை வலையமைப்புகளையும் சேர்க்க முடியுமா என்பது அடுத்த படி.

இதற்கான தேவை கற்பனை அன்று. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவு வலையமைப்பில் இருந்த கணினி ஒன்றில் நச்சுநிரல் கண்டறியப்பட்டதை, முதலில் மறுப்பு வந்த மறுநாளே, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது; உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. நிரலை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டியது வட கொரியாவோடு தொடர்புடைய குழுவின் கருவியை. அண்டை நாட்டோடு மோதல் உச்சத்தில் இருக்கும் ஒரு வாரத்தில் இது தெரியவந்திருந்தால், ஆராய்ச்சி முடியும் வரை யார் காத்திருந்திருப்பார்கள்? 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டிருந்த நாட்களில், இந்தியாவின் மின் கட்டமைப்பில் 70 விழுக்காடு கணினித் தாக்குதலால் செயலிழந்துவிட்டது என்ற செய்தி சமூக ஊடகங்களில் பறந்தது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் மறுத்தது. மின்விளக்கு எரிவதைப் பார்த்து மக்கள் பொய்யைப் புரிந்துகொண்டார்கள். ஏதேனும் ஒரு மாநிலத்தில் சாதாரணக் கோளாறால் அன்றைக்கு மின்தடை ஏற்பட்டிருந்தால் அந்தப் பொய்க்கு உயிர் வந்திருக்கும். மோதலை முடிவுக்குக் கொண்டுவர இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் பேசிக்கொள்ள ஒரு தொலைபேசி இருந்தது. கணினிப் பக்கத்தில் அதற்கு இணையான தொலைபேசி எது?

அந்தத் தொலைபேசியை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான யோசனைகள் தடம் புரள்கின்றன. உளவுத் துறையிடம் கொடுத்தால் எதிர்த் தரப்பு அதில் உண்மை பேசாது. ராணுவத்திடம் கொடுத்தால் ஒவ்வோர் அழைப்பும் போர்ச் செய்தியாகிவிடும். தீயணைப்புத் துறை போல இயங்கும் கணினி அவசர உதவிக் குழுக்களே இதற்குப் பொருத்தமானவை. இந்தியாவில் 2004இல் தொடங்கப்பட்ட செர்ட்-இன் அத்தகையது. ஐ.நா. வல்லுநர் குழு 2015இல் ஒருமித்து முன்வைத்த நெறிகளில், இக்குழுக்களை எந்த நாடும் தாக்கக் கூடாது, இக்குழுக்களைக் கொண்டு எந்த நாடும் தாக்கவும் கூடாது என்ற இரண்டும் சேர்ந்தே இடம்பெற்றிருக்கின்றன. அந்தக் குழுவில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இருந்தன, பாகிஸ்தானும் இருந்தது. இரண்டாவது நெறியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், அவசர உதவிக் குழுவின் நிதியும் ஆட்களும் தாக்குதல் பிரிவிலிருந்து சட்டப்படி பிரித்து வைக்கப்பட வேண்டும். அவசர உதவிக்காரர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் நாளை ஊடுருவல்காரராக வருவார் என்ற ஐயம் வந்துவிட்டால், எனக்குப் பதில் எழுதிய அந்தப் பொறியாளரைப் போன்றவர்கள் பதில் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். 2024 மே மாதம் ஐ.நா. தொடங்கிய தொடர்பாளர் பட்டியலில் நாடுகள் தங்கள் தூதரக அலுவலர் ஒருவரையும் தொழில்நுட்ப அலுவலர் ஒருவரையும் பதிவு செய்யலாம். பட்டியலில் பெயர் இருப்பதும், அந்தப் பெயருக்குரியவருக்கு மறுதரப்போடு பேசும் அதிகாரம் இருப்பதும் வேறு வேறு. அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டியது தேசியக் கொள்கை.

பேசுவது பலவீனம், எதிரி பொய்தான் சொல்வான் என்பார்கள். சொல்லட்டும். 2007இல் எஸ்டோனியா மூன்று வாரம் இணையத் தாக்குதலில் திணறியபோது விசாரணைக்கு உதவுமாறு ரஷ்யாவைக் கேட்டது, ரஷ்யா மறுத்தது. அந்த மறுப்பே ஓர் ஆவணமாகி, எஸ்டோனியாவின் பக்கம் உலகின் கவனத்தைத் திருப்பியது. அடுத்த ஆண்டே நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் அமைந்தது. பிற்பாடு அந்நாடு தன் முக்கியத் தரவுகளின் நகலை லக்சம்பர்க்கில் தூதரகத்துக்கு உரிய பாதுகாப்போடு வைத்துக்கொண்டது. பதினான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்த நாடு பெரிய அண்டை நாட்டைத் திருப்பித் தாக்கிக் கிடைத்த பாதுகாப்பு அன்று இது.

நான் இதுவரை படித்த பல நாடுகளின் கொள்கை ஆவணங்களில், நட்பு நாடுகளோடு ஒத்துழைப்பு என்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கிறது. நட்பு நாட்டோடு பேசுவதற்குக் கொள்கை எதற்கு? தாங்கள் இத்துறையின் அதிகாரிகளையும் அமைச்சர்களையும் பேட்டி காணும் வாய்ப்புள்ளவர்கள். அடுத்த முறை தங்கள் நிருபர், எத்தனை தாக்குதல்களை முறியடித்தீர்கள் என்று கேட்பதோடு இதையும் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்: பகை நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா, அதில் கடைசியாக எப்போது அழைத்துப் பார்த்தீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்